லாக்டவுன் என்றதும் நான் மாஸ்க்கைத் தேடினேன்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, தரையில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நான் கத்தவில்லை. கத்தக்கூடாது என்று அவள் கண்ணாலேயே சொல்லிவிட்டாள்.

இந்தக் கோடைக்கு நான் டொரன்டோவில் இருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கூப்பிட்டது நிர்மலா. யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்தவள். ஹாஸ்டலில் ஒரே அறை. அப்புறம் அவள் கனடா போய்விட்டாள், நான் மயிலாப்பூரிலேயே தங்கிவிட்டேன். அவளும் சில தோழிகளும் சேர்ந்து வருஷா வருஷம் இங்கே தமிழ் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்காக ஒரு சம்மர் கேம்ப் நடத்துகிறார்கள். தலைமைப் பண்புப் பயிற்சி. எல்லாமே வாலன்டியர் வேலை.

“நீ கம்பெனியளுக்குப் போய் லீடர்ஷிப் படிப்பிக்கிறனிதானே, வசு? அதை எங்கட பிள்ளையளுக்கு வந்து படிப்பியன்!” என்றாள்.

படிப்பிக்கப் போனேன். பவர்பாயின்ட், மார்க்கர் பேனா, சார்ட் பேப்பர் சகிதம்.

இடம், ஸ்கார்பரோவில் டோர்செட் பார்க். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் ஒரு சமூகக் கூடம். அதில் நீளமான காரிடாரின் கடைசியில் எங்கள் அறை. பதினொன்றிலிருந்து பதினாலு வயது வரை பெண்கள். தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷில் திரும்பி, சிரிப்பில் முடிகிற பேச்சு. எல்லோருக்கும் நான் ‘அன்ரி’, அதாவது ஆன்ட்டி.

அதில் ஒருத்தி ஜனனி. வாய் ஓயாது. ரேடியோவுக்காவது சுவிட்ச் உண்டு! ‘அன்ரி, சென்னையில ஸ்னோ இருக்கா? அன்ரி, நீங்க ஏன் எப்பவும் சாறி உடுக்கிறீங்க? அன்ரி, லீடர்ஷிப் எண்டா பொஸ் மாதிரி அதிகாரம் பண்ணுறதா?’ அவளை ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைக்க முடிந்தால் அதுவே என் தலைமைப் பண்புக்குச் சான்றிதழ் என்று நிர்மலாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பீட்சா வந்துவிட்டது என்று நிர்மலா காரிடாரின் மறு கோடியில் இருக்கும் சமையலறைக்குப் போனாள். நான் ‘முடிவெடுத்தல்’ என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தேன். நெருக்கடியில் ஒரு தலைவி என்ன செய்வாள்... இப்படி ஏதோ.

அப்போது ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல். பதற்றமே இல்லாமல்.

“லாக்டவுன். லாக்டவுன். லாக்டவுன்.”

எனக்கு என்ன தோன்றியிருக்கும்? உங்களுக்கு என்ன தோன்றியிருக்குமோ, அதேதான். ஐயையோ, மறுபடியும் கொரோனாவா! கைப்பையைத் திறந்து மாஸ்க் இருக்கிறதா என்று துழாவினேன். ஃப்ளைட் கான்சலாகுமா, ஊருக்கு எப்படித் திரும்புவது...

நிமிர்ந்தபோது அறையில் விளக்கு இல்லை.

ஒருத்தி கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மேஜையைத் தூக்கி — தள்ளவில்லை, சத்தம் வராதபடி தூக்கி — கதவோரம் வைத்தார்கள். இன்னொருத்தி ஜன்னல் திரையை இறக்கினாள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஜனனி சுவரிலிருந்து என் சார்ட் பேப்பரை உரித்து அந்தக் கண்ணாடியை மூடி ஒட்டினாள். ‘தலைவி என்பவள்’ என்று நான் கொட்டை எழுத்தில் எழுதிய சார்ட்.

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. யாரும் ஓடவில்லை. ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் புரிவதற்குள் எல்லோரும் கதவுப் பக்கத்துச் சுவரோடு சுவராக, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நின்றுகொண்டிருந்தது நான் மட்டும். கையில் மாஸ்க்கோடு!

ஜனனி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “அன்ரி, கெட் டவுன்.” கிசுகிசுப்பாக.

“என்னம்மா ஆச்சு?”

“துவக்கோட ஆரோ நிக்கினம் போல. பேசாதேங்கோ.”

துவக்கு. துப்பாக்கி! இருமல் என்று சொல்வது மாதிரி சொன்னாள் அந்தக் குழந்தை. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் என் போன் அடித்தது. சென்னையிலிருந்து என் கணவர். படுக்கப் போகுமுன் தினமும் கூப்பிடுவார். நாதஸ்வரம் ரிங்டோன்... அதுவும் முழு வால்யூமில்! எந்தப் பட்டனை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் அழுத்துகிற பட்டன்தான். விரல் வேலை செய்யவில்லை.

அந்த போனின் மேல்தான் ஜனனி உட்கார்ந்தாள். அவளுக்கு அடியில் நாதஸ்வரம் முனகி முனகி ஓய்ந்தது.

பக்கத்தில் பதினொரு வயசுப் பெண் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். ஜனனி அவள் முதுகில் கையை வைத்து, தானே மெதுவாக மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். அவளைப் பார்த்து அந்தக் குழந்தை மூச்சு விட்டது. உண்மையைச் சொன்னால், நானும்தான் அவளைப் பார்த்து மூச்சு விட்டேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. கதவு தட்டப்பட்டது.

“வசு! நான்தான், நிர்மலா. கதவைத் திற!”

நான் எழுந்தேன். எழாமல் இருப்பேனா? என் நிர்மலா. காரிடாரில் தனியாக நிற்கிறாள். ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ராத்திரியெல்லாம் விழித்திருந்தவள்.

ஜனனி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

“நோ, அன்ரி.”

“அது நிர்மலாம்மா. எனக்கு அவ குரல் தெரியாதா?”

“ஐ நோ. எண்டாலும் திறக்கக் கூடாது. அவவுக்குப் பக்கத்தில ஆரும் நிக்கலாம்.”

எனக்குப் பயம் வந்தது. வெளியே இருந்தவனை நினைத்து இல்லை. பன்னிரண்டு வயசுக்கு இந்த யோசனை எப்படி வந்தது?

“வசு... பிளீஸ்.”

ஜனனியின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் பிடி தளரவில்லை. அவளை உதறிவிட்டு நான் திறந்திருக்கலாம். அந்த அறையில் பெரியவள் நான் ஒருத்திதான். சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் உட்கார்ந்தேன்.

செருப்புச் சத்தம் காரிடாரில் தூரமாகப் போய்த் தேய்ந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் போலீஸே சாவி போட்டுக் கதவைத் திறந்தது. பக்கத்து அடுக்குமாடியில் ஏதோ தகராறு. துப்பாக்கி வைத்திருந்த ஓர் ஆள் எங்கள் கட்டடம் பக்கமாக ஓடி வந்திருக்கிறான். கார் பார்க்கிங்கிலேயே பிடித்துவிட்டார்கள். நிர்மலா சமையலறை ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே ஜனனியிடம் போய்க் கட்டிக்கொண்டாள்.

“நீ செய்தது சரி, பிள்ளை. நீதான் சரி.”



பிள்ளைகள் என்ன கேட்டார்கள் தெரியுமா? ‘பீட்சா ஆறியிருக்குமா?’

ஜனனி வாய் நிறைய பீட்சாவோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் கேட்டேன்.

“இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“ஸ்கூல்ல, அன்ரி. எவ்ரி இயர் பிராக்டிஸ் பண்ணுவம். ஜேகேயில இருந்து.”

ஜேகே என்றால் நம்மூர் எல்கேஜி. நாலு வயசு!

“நாலு வயசுல துப்பாக்கின்னா சொல்லுவாங்க?”

“நோ, நோ! அப்ப டீச்சர் சொல்லுவா, காட்டில இருந்து ஸ்கூலுக்குள்ள ஒரு ரக்கூன் வந்திட்டுது, சத்தம் போட்டா அது பயந்திடும், எல்லாரும் சைலன்ட்டா இருப்பம் எண்டு. ரக்கூன் இல்லையெண்டு பிறகுதான் தெரிஞ்சது.” தோளைக் குலுக்கினாள். “இண்டைக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம், ரியல்.”

அதற்குள் தகவல் பறந்து பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். ஜனனியின் அம்மா கலா, பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். மகளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். விளக்கு, மேஜை, சார்ட், கதவு எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“உதெல்லாம் உனக்கு எப்ப பழக்கினவை?”

“ஜேகே, அம்மா.”

“ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்ல?”

“நீங்க கேக்கேல்லையே. ஃபயர் டிரில் மாதிரித்தான். அதில சொல்ல என்ன இருக்கு?”

கலா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மகளிடம் இல்லை, என்னிடம் சொன்னார்.

“எங்கட பள்ளிக்கூடத்தில பங்கர் இருந்தது, அக்கா. குண்டு போட பொம்பர் வாற சத்தம் கேட்டா மணி அடிப்பினம். நான் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடுவன். இவள் உதொண்டும் படிக்கக் கூடாது எண்டுதான் இஞ்ச வந்தனாங்கள். இவள் பயப்பிடுவாள் எண்டு அதைப் பற்றி வாயே திறக்கேல்ல.”

“பங்கர் எண்டா என்ன?” இது ஜனனி.

“நிலத்தில கிடங்கு வெட்டி, மேல மரம் அடுக்கி, மண்மூட்டை போட்டு...”

“டோர்?”

“கதவோ? கதவு இல்லை.”

ஜனனிக்கு வாய் பிளந்தது. அன்றைக்கு அவள் அதிர்ந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “டோர் இல்லையா? அப்ப எப்பிடி லாக் பண்ணினீங்க?”

கலா மகளையே பார்த்தார். சிரிப்பா, அழுகையா தெரியவில்லை... முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஜனனி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் முதுகில் கையை வைத்தாள்.

அன்று மாலை மோர்னிங்சைடில் இருக்கும் நிர்மலா வீட்டுக்குக் காரில் போனோம். நிர்மலாதான் ஓட்டினாள். ஒரு சிக்னலில் நின்றபோது ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“திறக்காதது சரிதான், வசு. எண்டாலும்... நீ ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்.”

சத்தம் கொடுத்திருந்தாலும் தப்புத்தான். அது அவளுக்கும் தெரியும். கையை நீட்டினேன். சிக்னல் பச்சையாகும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எல்லோரும் வந்தார்கள்! கலா மட்டும் வாசலில் நின்று ஒரு விஷயம் கேட்டார். “பிள்ளையளுக்குத் தெரிஞ்சது எங்களுக்கும் தெரிய வேணும். ஒருக்கா எங்களுக்கும் பழக்கிவிடச் சொல்லுங்கோவன்.”

கேம்ப்பின் கடைசி நாள், சொற்பொழிவுப் போட்டி வைத்திருந்தோம். ரத்து. பெண்கள் அம்மாக்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். ஜனனி மேஜை மேல் ஏறி நின்று விளக்கினாள். போனை சைலன்ட்டில் போடுங்கோ, சுவரோட இருங்கோ, ஆர் தட்டினாலும் திறக்கக் கூடாது. அம்மாக்கள் சிரித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் மகளைக் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம், ‘வீட்டில ஒரு கோப்பை கழுவமாட்டாள், இஞ்ச பாரன் கதையை!’ என்றார்.

“ஓகே, ரெடி? லாக்டவுன்!”

யாரோ விளக்கை அணைத்தார்கள்.

அந்த அரை இருட்டில், பெண்கள் எல்லோரும் நொடியில் சுவரோரம் வரிசையாகிவிட்டார்கள். அம்மாக்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே அவர்களோடு போய் உட்கார்ந்தார்கள்.

மீதிப் பேர் உட்காரவில்லை. கலாவும், கிட்டத்தட்ட அவர் வயதுக்காரர்கள் சிலரும், நின்ற இடத்திலேயே தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு. அசையாமல்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“அம்மா...” ஜனனியின் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது. “ஏன் படுத்திருக்கிறீங்க? இருக்கத்தானே சொன்னனான்?”

கலா தலையைத் தூக்கினார். அவருக்கே ஆச்சரியம்.

“தெரியேல்ல, பிள்ளை. லைட் போனோடன உடம்பு தானாப் படுத்திட்டுது.”

ஜனனி யோசித்தாள். சுவரோரத்திலிருந்து தவழ்ந்து வந்து, அம்மா பக்கத்தில் குப்புறப் படுத்து, காதைப் பொத்திக்கொண்டாள். “இப்பிடியா?”

“முழங்கையை இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு எடு,” என்றார் கலா.

உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம், படுத்தவர்கள் ஒரு பக்கம். நடுவில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் உட்காரவோ படுக்கவோ எனக்கு யாரும் பழக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி நிமிர்ந்தே நிற்க முடிந்ததற்குப் பெயர் அதிர்ஷ்டம். நான் அதைத் தலைமைப் பண்பு என்று ஊரெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்!