தங்கவயலில் சொன்ன ஓம்

அவன் கலியாணத்துக்கு நான் வாழ்த்தப் போகவில்லை. கெடுக்கத்தான் போனேன்.

இலங்கையில், சாய்ந்தமருதில் எங்கள் வழக்கம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவது. அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர் கட்டவேண்டும். என் தங்கச்சியைக் கலியாணம் முடிப்பதாக என் சிநேகிதன் வாக்குக் கொடுத்தான். வாப்பா ஒரு வயலை விற்றுக் கல்வீடு கட்டினார். படிக்கவென்று இந்தியா போனவன், கோலார் தங்கவயலில் சுரங்க மேஸ்திரி ஒருவரின் மகளைப் பேசி முடித்துவிட்டு, "நீ வராட்டி எனக்குக் கலியாணமே இல்ல மச்சான்" என்று எனக்கே கடிதம் போட்டான். என்ன நெஞ்சழுத்தம்! தங்கச்சி அதை வாசித்தாள். புதுவீட்டைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்தாள். தலைமன்னாரில் கப்பலேறியதிலிருந்து நான் கறுவிக்கொண்டே போனேன். நிக்காஹ் சபையில், எல்லார் முன்னாலும் அவனைக் கேட்பது என்று முடிவு.

கலியாணத்துக்கு முதல்நாள் பெண்ணின் தகப்பனார் எங்கள் இருவரையும் வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கத்தைக் காட்டக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். இரும்புக்கூண்டு இறங்க இறங்க எனக்குக் காது அடைத்தது.

"தம்பி, ஊர்ல இவருக்கு வேற பொண்ணு கிண்ணு பேசியிருந்தாங்களா?" என்று திடீரென்று கேட்டார்.

"ஓம்" என்றேன். எங்கள் பக்கம் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல்.

அவர் விழித்தார். "ஓமா? அது கோயில்ல சொல்றதாச்சே!"

அவன் முந்திக்கொண்டான். "எங்க ஊர்ல ஓம்னா இல்லைன்னு அர்த்தம், மாமா."

அவருக்கு நிம்மதி. கீழே இறங்கியதும் விளக்கை உயர்த்தி, பாறையில் ஓடிய தங்க ரேகையைக் காட்டினார். நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் மண்ணுக்கடியில் மூன்று பேர் மட்டும் கேட்டு என்ன பயன்?

மறுநாள் சபை நிறைந்திருந்தது. மாமனார் அவன் கையைப் பிடித்திருந்தார். "சம்மதமா?" என்று நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஸ்ரத் கேட்டார். நான் எழும்புவதற்குள், பதற்றத்தில் அவனுக்கு ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

"ஓம்" என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும். மாமனார் கையை விட்டுவிட்டார். "இல்லையா?"

"ஆமா, ஆமா மாமா" என்று அவன் உளறினான். அவர் அவனைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, ஓம்னா ஆமாவா, இல்லையா?"

"ஆமாதான்" என்றேன். "இண்டைக்கு அவன் சொன்னதும் ஆமாதான். நேத்து நான் சொன்னதும் ஆமாதான்."

அவர் எழுந்து நிக்காஹ் புத்தகத்தை மூடச் சொன்னார். கலியாணச் சோறு தின்னாமலே எனக்கு வயிறு நிறைந்தது.