பொலி ஒரு தடவைதான்

கனடாவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். போன வாரம் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் கூட வேலை பார்க்கும் மார்த்தா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "உங்கள் பழங்குடியை டிவியில் பார்த்தேன்!" எனக்கு ஒரு பழங்குடி இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

போனில் காட்டினாள். இலங்கையின் ஊவா மாகாணத்தைச் சுற்றும் பயண நிகழ்ச்சி. முதலில் தம்பானை ஆதிவாசிகள், சட்டை இல்லாமல், தோளில் கோடரியோடு. கேமராவுக்காக யார் சட்டையைக் கழற்றச் சொன்னார்களோ. அடுத்து லுணுகலையில் எங்கள் தேயிலைத் தோட்டம், இந்தியாவிலிருந்து வந்த எங்கள் பாட்டன்மார் காடு வெட்டி நட்டது. சிவப்புச் சேலைப் பெண்களுக்கு நடுவில் என் அண்ணி செல்வி! "பொலியோ பொலி" என்கிறார்கள். காலம் தீண்டாத மக்களின் மந்திரம் என்றது பின்னணிக் குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஒரு தடவை பொலி சொல்ல, நாங்களும் திருப்பிச் சொல்லி முதல் கொழுந்தைக் கூடையில் போடுவோம். குளவி கொட்டாமல், கால் வழுக்காமல் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே என்ற வேண்டுதல் அது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் குளவி கொட்டியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும்.

அண்ணியை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"நனையாம இடுப்புல கட்டுற படங்கு சாக்க அவுக்கச் சொன்னாங்க புள்ள. பூட்ஸையும் கழட்டச் சொன்னாங்க, அட்டக்கடி தாங்கல. பொலியயும் திரும்பத் திரும்பச் சொல்லுன்னாங்க. இன்னைக்குச் சொல்லியாச்சுங்க, இனி நாளைக்குத்தான்னு கூடைய எடுத்துக்கிட்டு நடந்துட்டேன்."

"தோட்டத்துத் தொரை ஏசலயா அண்ணி?"

"ஏசுனாரு. ஏசட்டும்."

மறுநாள் மார்த்தா அடுத்ததைச் சொன்னாள். சனிக்கிழமை பண்பாட்டு விழாவில் நான் சிவப்புச் சேலை கட்டி, முதுகில் கூடையோடு அந்த மந்திரத்தைச் சொல்ல வேண்டுமாம். மேலாளருக்கும் ஆசையாம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது அவர் கையில்தான் இருக்கிறது. இருந்தும் முடியாது என்றேன்.

"உன் மக்களைப் பற்றி உனக்குப் பெருமை இல்லையா?"

அன்பாகத்தான் கேட்டாள். அதுதான் இன்னும் எரிச்சல். "பெருமை இருப்பதால்தான் மாட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, வெட்கப்படுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை வேலைச் சீருடையிலேயே போனேன். எனக்கென்று போட்டிருந்த மேசை இலங்கையர் மேசைக்கும் இந்தியர் மேசைக்கும் நடுவில் இருந்தது. ஒரு காகிதத்தில் லுணுகலை என்று எழுதி ஒட்டினேன், வேறொன்றும் வைக்கவில்லை. மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். இலங்கையர் என்னை இந்தியாக்காரி என்று நினைத்தார்கள். இந்தியர் இலங்கைக்காரி என்று நினைத்தார்கள். "உங்கள் கொடி எங்கே?" என்று இரு பக்கமும் கேட்டார்கள். வெறும் மேசைக்குப் பின்னால், சாயங்காலம் வரை, நான் நின்றுகொண்டே இருந்தேன்.