அரை மணி அரை மணியாக

கண் நீர் அழுத்த நோயில் என் கணவருக்கு முதலில் இடது கண் போனது, அடுத்த வருஷம் வலது கண்ணும் போனது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ராஜபாளையத்து வீட்டுக்குள் சுவரைத் தொடாமலே நடக்கப் பழகிக்கொண்டார். பார்வை போனதைவிட, அதன் பின்னால் வந்த தூக்கக் கோளாறுதான் என்னை ஆட்டிவைத்தது.

சில வாரம் ஒழுங்காகத் தூங்குவார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் புரண்டுவிடும். இரவெல்லாம் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பகலில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தலை தொங்கும்.

"அவியளுக்கு மனசு ஒடைஞ்சு போச்சுக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரிடம் காட்டி மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்கி வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் டைப் அடிக்கிறேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டாரா என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"உள்ள தாப்பா போட்டிருக்குக்கா. தட்டுதேன், தட்டுதேன், சத்தமே இல்ல."

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. முழு அட்டை மாத்திரையையும் அவர் கைக்கு எட்டும் அலமாரியில் அல்லவா வைத்திருந்தேன்? அந்த ஒரே நினைப்பில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெரு ஆட்கள் இரண்டு பேர் அப்போதுதான் பின்கதவைத் தள்ளித் தாழ்ப்பாளைப் பெயர்த்திருந்தார்கள். உள்ளே ஓடினேன். அவர் ஒருக்களித்துப் படுத்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிடித்து உலுக்கினேன்.

"ஏட்டி, விடியக்கூட இல்லயே. எதுக்கு எழுப்புத?"

மணி மூன்று. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் தடவிப் பார்த்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நா என்ன செய்ய? எனக்கு இப்பத்தான் நடுராத்திரி."

அந்தச் சொல் என்னை விடவில்லை. மறுநாளிலிருந்து அவரை எழுப்பாமல், தானாகத் தூங்கும் நேரத்தை அன்றன்று கிழிக்கும் காலண்டர் தாளில் குறித்து வைத்தேன். இருபது தாள் சேர்ந்ததும் பரப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அரை மணி தள்ளிப் போயிருந்தது.

தாள்களோடு மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த பெண் டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்றார். முக்கால்வாசிப் பேருக்கு அது இருபத்து நாலு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுமாம். காலை வெளிச்சம் கண் வழியாகப் போய்த் தினமும் அதைத் திருத்தி வைக்கும். "இவருக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேரல. அதான் நாள் நீண்டுக்கிட்டே போகுது. மனசுல கோளாறு இல்லம்மா."

"நாள் நீளம்னா, எனக்கு வயசு மெதுவா ஏறுமா டாக்டர்?" என்று கேட்டார் அவர். அதற்கு முன் அவர் வேடிக்கையாகப் பேசி எத்தனை மாதம் ஆகியிருந்ததோ.

இருட்டியதும் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பையே மாத்திரையாகக் கொடுத்து, தினமும் இரவு ஒரே நேரத்துக்குப் போடச் சொன்னார் டாக்டர். பிடிபட இரண்டு மாதம் ஆனது. இப்போது பெரும்பாலும் இரவில்தான் தூங்குகிறார்.

ஆனால் போன வாரம் இரண்டு நாள் அவர் தூங்கும் நேரம் பத்திலிருந்து நகர்ந்து பதினொன்றைத் தாண்டிவிட்டது. அவரிடம் சொல்லாமல் மதுரை டாக்டருக்குப் போன் செய்தேன். நாலு நாள் பார்க்கச் சொன்னார். இன்று மூன்றாவது நாள்.