கோட்டுக் காசு

கொட்டாஞ்சேனையில் மிளகாய் அரைக்கும் மில், வெள்ளவத்தையில் மூன்று அறை பிளாட், பாமன்கடையில் வாடகைக்கு விட்ட வீடு, ஒரு லொறி. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உண்டாக்கியவை. மில் ஒருமுறை எரிந்தது. அதே இடத்தில் இரண்டு மாடியாக எழுப்பினேன். டீசலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்திலும் அது மூடிக் கிடந்ததில்லை. யாரும் கைகொடுக்கவில்லை.

மகள் கனடாவுக்குப் போன பிறகு, ஒருநாள் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் உங்களுக்குச் சமைச்சாச்சு. இனி எனக்கு மட்டும் சமைக்கப்போறன்.”

பகிடி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். விவாகரத்துக்கு வழக்குப் போட்டபோதுதான் விளங்கியது. பிளாட்டை அவளுக்கே விட்டுவிட்டு மில்லுக்கு மேலேயுள்ள அறைக்கு வந்தேன்.

மிச்சமிருந்தது, மாதாமாதம் அவளுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு. என் வழக்கறிஞர் மகள் வயதுப் பிள்ளை.

“அம்மாவுக்கு மாதம் என்ன செலவு வரும் ஐயா?”

செத்தல் மிளகாய் விலையைக் கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன். அவளுடைய சீனி வருத்தக் குளிசை என்ன விலை என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்காமலே அள்ளிக் கொடுத்தவன் நான்.

“சரி, கோட்டிலை நீங்கள் வாய் திறக்காதேங்கோ. நான் கதைக்கிறன்.”

நீதிபதி முன்னால் அந்தப் பிள்ளை சொன்னது இதுதான்: என் கட்சிக்காரர் வயதானவர், சிறிய அரைக்கும் கடையொன்று வைத்திருக்கிறார், பெரிய வருமானம் கிடையாது.

சிறிய கடையாம். காது சூடாகிவிட்டது. எழுந்து நின்று லொறி, வாடகை, ஹோட்டல்களுக்குப் போகும் தூள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவருக்கும் விளங்காமல் போகக்கூடாதென்று சிங்களத்திலும் ஒருமுறை சொன்னேன். பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. நீதிபதி எழுதிக்கொண்டே போனார். மனைவி தரப்பு கேட்ட தொகை அப்படியே தீர்ப்பாக விழுந்தது.

வெளியே விறாந்தையில் அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். “உங்கடை வருமானத்துக்கு அத்தாட்சி வேணும் எண்டு என்ரை லோயர் ஓடித் திரிஞ்சவர். நான்தான் சொன்னனான், தேவையில்லை, மனிசன் தானே எழும்பிச் சொல்லும் எண்டு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினாள்.

மாதம் பிறந்ததும் முதல் வேலையாக அவளுடைய வங்கிக் கணக்கில் காசைப் போடுகிறேன். ஒருமுறையும் பிந்தியதில்லை. ஒருவருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்றுதான் கை இன்னும் பழகவில்லை. மிஞ்சுவதை அடுத்த நாள் காலையில் தண்ணீர் விட்டுச் சாப்பிடுகிறேன்.

சித்திரைப் புது வருசத்தன்று வெற்றிலையில் நோட்டைச் சுற்றி முதல் கைவிசேஷம் அவளுக்குத்தான் கொடுப்பேன். இந்த முறையும் கொண்டு போனேன். கதவைப் பாதி திறந்தாள். உள்ளே பொங்கல் மணந்தது.

“இனி இதெல்லாம் எதுக்கு? எனக்குக் கோட்டுக் காசு ஒழுங்கா வருது.”

வாங்கோ என்று சொல்லவில்லை. வெற்றிலை வாடுமட்டும் பஸ்ஸில் கையிலேயே வைத்திருந்தேன்.

கோட்டுக்கு மில் இருக்கிறதா? கோடு விடியமுன் எழும்பி மிளகாய் நெடியில் தும்முகிறதா? அவளுக்கு வருவது நான் அரைத்த காசு. வேறொன்றும் வேண்டாம். யாராவது கேட்டால், “அந்த மனிசன் தாறது” என்று அவள் வாயால் சொல்லவேண்டும்.