ஜமீல் பாய் கடைப் பரண்

மகபூப்பாளையத்தில் ஜமீல் பாயிடம் சட்டை தைத்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். நோன்புப் பெருநாளைக்குத் துணி மலையாகக் குவிந்தாலும் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கச் சின்னப் பையன்களைச் சேர்க்கமாட்டார். "லேட்டாத்தான் ஆகும். இஷ்டமிருந்தா குடுங்கண்ணே" என்று துணியைத் திருப்பித் தள்ளுவார். வாடிக்கையைக் கெடுத்துக்கொள்வதில் மனிதர் கில்லாடி. ஏன் பாய் இப்படி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அவரே காஜா பையனாக இருந்தவர்தான். ஒன்பது வயதில் அவருடைய அத்தா ஒரு தையல் கடையில் கொண்டுபோய் விட்டு, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க பாய்" என்று முதலாளியிடம் சொன்னார். கேட்டவர்கள் யாரும் பதறவில்லை. பிள்ளை உருப்படப் போகிறது என்று தெருவே சந்தோஷப்பட்டது. பிறகு பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, சோதனைக்கு ஆபீசர்களும் வந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் பையன்கள் பரணில் ஏறி, துணி மூட்டைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். அதையும் தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

போன மே மாதம், ஆறாம் வகுப்பு முடித்த மகள் இஷ்ரத் லீவுக்குக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பொழுது போகாமல் தன் பென்சில் பைக்கு ஒரு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஜீப் நின்றது. ஜமீல் பாய் யோசிக்கவே இல்லை. மகளை அப்படியே தூக்கிப் பரணில் ஏற்றி, "சத்தம் வரக்கூடாது" என்றார்.

வந்தவர் தொழிலாளர் துறை அதிகாரி, ஒரு அம்மா. 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணிபுரியவில்லை' என்ற ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டினார். "நீங்க சேக்கவே மாட்டீங்கன்னு தெருவுல சொன்னாங்க பாய்" என்று சிரித்துவிட்டுப் போனார். ஜீப் கிளம்பிய பிறகுதான் ஜமீல் பாய் மகளை இறங்கச் சொன்னார்.

இஷ்ரத் இறங்கினாள். தலையெல்லாம் தூசி, கண் கலங்கியிருந்தது.

"அத்தா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா."

"அப்புறம் எதுக்கு என்னைய ஒளிச்சு வச்சீங்க?"

அந்தக் காலத்து முதலாளி ஒரு நாளும் பரணில் ஏறியதில்லை. கீழே நின்று ஆபீசருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மேலே கிடந்த ஜமீல்தான், தன்னைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நடுங்கினார். தப்புச் செய்தவன் தான்தான் என்றே இத்தனை வருஷமும் நம்பி, அந்த வெட்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். இப்போது அதையே பெற்ற பிள்ளைக்கும் கொடுத்துவிட்டோமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மகளின் தலையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்றார் மறுபடியும். "நானும் ஒண்ணும் பண்ணலம்மா."