கரும்புத் தீவுக்குப் போன தங்கை

என் தங்கைக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்தபோது மூலக்குளத்தில் எங்கள் தெருவே வயிறெரிந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. புதுச்சேரியில் அப்படித்தான், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையன் என்றால் குணம், வயசு எதையும் யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். நாங்களும் துருவவில்லை. அவருக்கு பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் வேலை என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும்விட அதிகம் துள்ளியவள் நான்.

காரணம் என் நாவல். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்து கப்பலேற்றி அனுப்பிய பெண்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கப்பல் வரை கதை நன்றாக ஓடியது. தீவில் இறங்கியதும் படுத்துவிட்டது. போய்ச் சேர்ந்த பெண் எதை நினைத்து அழுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடலூரைத் தாண்டி ஒரு வாரம் தங்கியவளில்லை நான்.

தங்கை போனதும் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அவள் நலம் விசாரிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். அங்கே மழை எப்படிப் பெய்கிறது, கரும்புக் காட்டில் என்ன வாசனை, போன முதல்நாள் மனசு எதைத் தேடியது? பாவம், ஒன்று விடாமல் சொல்வாள்.

“அழுதா அவருக்குக் கோவம் வருதுக்கா. கொழாயத் தொறந்து உட்டுட்டு, அந்த சத்தத்துலதான் அழுவுறேன்,” என்றாள் ஒருநாள். பிறகு, “நான் வந்துடட்டுமாக்கா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கடி. உனக்கும் நேஷனாலிட்டி வந்துடட்டும். ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன். என் கதாநாயகி ஓடைக்குப் போய்த் தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். அவ்வளவு நன்றாக அதற்கு முன் நான் எழுதியதே இல்லை. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா ‘அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல’ என்றாள். நானும் தலையாட்டினேன். மதியம் சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு, முடித்து வைத்திருந்த நாவலின் கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று வேறு எதிர்பார்த்தேன், வெட்கங்கெட்டவள்.

ஓடைக்கரை வந்ததும் அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மீனை எடுத்துக்கொண்டாள். நான் நிறுத்தாமல் படித்தேன். முடிவில் கதாநாயகி திரும்புகிற கப்பலில் ஏறிப் புதுச்சேரியில் வந்து இறங்குகிறாள். கரையில் அவளுடைய அக்கா காத்துக்கொண்டு நிற்கிறாள்.

“அவளக் கூப்டுக்க அவ அக்கா வந்துட்டா, இல்ல?” என்றாள் தங்கை.

மீன் சட்டியோடு எழுந்து பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்தாள். ஒரு கை நெத்திலி கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். நெடுநேரம் அவள் அதை மூடவில்லை. ‘போகாதடி, இங்கேயே இருந்துடு’ என்று சொல்ல அந்தச் சத்தம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை.

அடுத்த வாரம் மெட்ராஸ் விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனது நான்தான்.