நாற்காலியைச் சுற்றி ஒரு காலி இடம்

கொல்லிமலை மேல் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அங்கே அரியூர் நாட்டில் எங்களுக்கு ஒரு மிளகு குடோன் இருக்கிறது. வீடும் கடையும் அடிவாரத்தில். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, முழங்கால் தேய்ந்து, தினம் மலையேற முடியாமல் போனபோது குடோன் சாவி என் கைக்கு வந்தது. கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்த சீசன் பாக்கலாம்மா. சரிப்பட்டு வரலீன்னா நானே வந்து பூட்டிட்டுச் சாவிய எடுத்துக்குவேன்."

சரிப்பட்டு வருவதாகத் தெரியவில்லை. மிளகைப் புடைத்துக் காம்பும் பதரும் பொறுக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வேறொரு வியாபாரியின் குடோனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூலி அங்கேயும் இதேதான். பின் ஏன் போகிறார்கள்? கேட்டால், "ஊட்ல சோலி இருக்குதுங்க அக்கா" என்பார்கள். மிச்சமிருப்பவர்களும் போய்விட்டால் எனக்கும் எலிகளுக்கும்தான் குடோன்.

ஆட்களை நடத்துவது எப்படி என்று போனில் நிறையப் பார்த்தேன். கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், தினம் ஒருவரையாவது பாராட்டுங்கள் என்றார் கோட்டு போட்ட ஒருவர். ஒரு பெண்ணின் கண்ணையே உற்றுப் பார்த்து, "ரொம்ப நல்லாப் பொறுக்கறீங்க" என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது. மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதோடு கோட்டுக்காரரைக் கைகழுவினேன்.

குடோனில் சிக்னல் கிடைக்காது. மதியம் பார்ப்பதற்கு வீட்டிலேயே ஏதாவது வீடியோவைப் போனில் இறக்கிக்கொண்டு வருவேன். அப்படி ஒரு நாள் வந்து சேர்ந்தது ஓர் ஓவியப் பாடம். அதில் பேசிய அம்மாள் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. பொருளை வரையாதீர்கள், பொருளைச் சுற்றியுள்ள காலி இடத்தை வரையுங்கள், பொருள் தானாக வந்துவிடும் என்றார். எங்கள் மார்க்கத்தை ஒட்டி, வீட்டுச் சுவர்களில் மனித முகங்கள் உள்ள படங்களை மாட்டும் வழக்கமில்லை. முகம் வரைய எனக்கும் ஒரு தயக்கம் உண்டு. காலி இடத்தை வரைந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? பரீட்சை அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு, குடோனை மேலிருந்து பார்ப்பதாக நினைத்து, பெண்களுக்கும் சாக்குகளுக்கும் இடையில் இருந்த தரையை மட்டும் பென்சிலால் கறுப்பாக்கினேன்.

அந்த அம்மாள் சொன்னது சரிதான். முறங்களும் முதுகுகளும் வெள்ளையாக எழுந்து வந்தன. கூடவே நான் கேட்காத ஒன்றும் வந்தது. என் நாற்காலியைச் சுற்றி வட்டமாக ஒரு பெரிய கறுப்பு. மற்ற இடங்களில் பெண்கள் முழங்கால் இடிக்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒருத்திகூட இல்லை.

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. மின்விசிறிக் காற்றில் தூசி பறக்கிறதோ என்று விசிறியை நிறுத்தினேன். அத்தர் வாசனை பிடிக்கவில்லையோ என்று அதையும் பூசாமல் வந்தேன். நாற்காலியை ஜன்னலோரம் போட்டுப் பார்த்தேன். மதியத்துக்குள் வட்டம் ஜன்னலோரம் வந்துவிட்டது. வாசல் பக்கம் போட்டால் அங்கேயும் அதே அளவில் வந்தது. முன்பு அடிவாரக் கடையில் கணக்குப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கம் கெட்டதில்லை.

அன்றும் நான் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் மூத்த பெண்ணொருத்தி, இதே மலையில் குண்டூர் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், முறத்தோடு மெல்ல நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, எங்க மூஞ்சியே காணமுங்க?"

"உங்கள வரையல. உங்களுக்கு நடுவுல இருக்கற எடத்த வரையறேன்."

"எடத்தையா? சும்மா கெடக்கற எடத்துல என்னுங்க இருக்குது?"

குடோனே சிரித்தது. ஒவ்வொருத்தியாக முறத்தை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். என் வட்டம் கண்ணெதிரே சுருங்கியது. சந்தோஷத்தில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பக்கத்து முறத்திலிருந்து ஒரு கை மிளகை அள்ளினேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. அள்ளுவோம், தேய்ப்போம், ஊதுவோம், ஒன்றைக் கடித்துப் பார்ப்போம், பதர் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவோம். அத்தாவின் கை எப்போதும் ஏதாவதொரு சாக்குக்குள்தான் இருக்கும்.

முறம் பின்னால் நகர்ந்தது. முறத்துக்குரியவளும் நகர்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். பென்சிலை எடுத்தேன், நெருங்கினார்கள். வைத்துவிட்டுக் கையை நீட்டினேன், விலகினார்கள். என்னால் நம்ப முடியவில்லை. அந்த வட்டத்தின் அளவு வேறொன்றுமில்லை, என் கை எட்டும் தூரம்!

மூத்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "இத்தன நாளாக் குத்தம் எழுதறீங்கன்னு நெனச்சோம். படந்தான்னு தெரிஞ்சப்புறம் பென்சிலு இருந்தாப் பயமில்லீங்க. வெறுங்கையோட வந்தீங்கன்னாத்தான் வவுத்துல புளியக் கரைக்குது. நாலு பேரு முன்னால எம் மொறத்துல குத்தம் எடுத்தா, நான் எங்கீங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, விடை கிடைத்துவிட்ட குஷியும் இருந்தது, பொய் சொல்வானேன். தரம் பார்க்காமல் வியாபாரம் இல்லை. அதனால் நாற்காலி அருகே ஒரு தட்டை வைத்தேன். புடைத்து முடித்ததும் அவரவரே ஒரு பிடி கொண்டுவந்து போடலாம், இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். என் கை பென்சிலோடு இருந்தது. போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவர்கள் வரவில்லை, ஆனால் அதற்குமேல் யாரும் போகவில்லை.

சீசன் முடிவில் லோடு ஏற்ற வந்த லாரியிலேயே அத்தா வந்து இறங்கினார். சாவி மேசைமேல் தயாராக இருந்தது. அவர் சாவியைப் பார்க்கவில்லை. நேராகப் பெண்களுக்கு நடுவே போய், குனிந்து, பக்கத்து முறத்துக்குள் கையை நீட்டினார்.

முறம் நகர்ந்தது. ஒரு நொடியில் அவரைச் சுற்றி வட்டம் விழுந்தது. அவர் கை நீளம், அதனால் வட்டம் என்னுடையதைவிடப் பெரிது. அந்தரத்தில் நின்ற அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் வேலை கற்றது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

"அத்தா, இதக் கொஞ்சம் புடிங்க" என்று அட்டையையும் பென்சிலையும் கொடுத்தேன்.

இரண்டு கையும் நிறைந்துவிட, என்ன செய்வதென்று தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்தார். "இத வெச்சு என்னம்மா பண்றது?"

"முன்னால என்ன தெரியுதோ அத வரைங்க."

நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரு மிளகு வரைந்தார். மூத்தவள் முறத்தோடு நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தாள். "பெரியவரே, இது மொளகுங்களா, எலந்தப்பழமுங்களா?"

அத்தா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. லோடு ஏற்றி முடிப்பதற்குள் அவரைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. இன்னொரு மிளகு வரைந்து, அதையும் திருத்திக்கொண்டிருந்தார்.

அத்தாவை ஏற்றிக்கொண்டு லாரி போன பிறகு மேசையைப் பார்த்தேன். சாவி வைத்த இடத்திலேயே இருந்தது. என் பென்சிலைத்தான் காணவில்லை.